‘முற்றும்’ என்ற சொல் எங்கே?

வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள் ‘முற்றும்’ என்ற சொல்லை நன்கு அறிவார்கள். இறுதி வாரத்தின் கடைசி வரிக்குக் கீழே, பக்கத்தின் நடுவில், அது தனித்து நிற்கும். அதைக் காணும்போது ஓர் ஏக்கமும் ஒரு நிறைவும் சேர்ந்தே நெஞ்சில் எழும். பழைய திரைப்படங்களில் அந்தப் பணியைச் ‘சுபம்’ என்ற எழுத்தோ ‘வணக்கம்’ என்ற எழுத்தோ செய்தது. இன்று நம் வீட்டுக் கூடங்களில் நாள்தோறும் ஓடும் கதைகளில் அச்சொல்லைத் தேடித்தான் காண வேண்டியுள்ளது. ‘தொடரும்’ என்ற ஒரு சொல்லே ஆண்டுக்கணக்கில் நம் மாலைப் பொழுதுகளை ஆள்கின்றது.

நாம் சின்னத்திரைக்கும் வெள்ளித்திரைக்கும் பகைவர் அல்லர். உலை வைத்துவிட்டுக் கதை பார்ப்பவர் நாம். புதிய படம் வந்தால் நண்பரோடு அமர்ந்து நள்ளிரவு வரை அதைப் பற்றி வாதிடுபவரும் நாமே. ரசிகர் என்ற அந்த உரிமையோடுதான் இக்கட்டுரையை எழுதுகிறோம். நம் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: இன்றைய தமிழ்த் திரைக்கதைகளுள் பெரும்பாலானவை முடிவுக்கு அஞ்சுகின்றன. முடிவுக்கு அஞ்சும் கதை, தான் எழுப்பிய அறக்கேள்விக்கு விடை சொல்லாமல் தப்பி ஓடுகின்றது.

அழுகை இழிவானதா?

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுவோம். நெடுந்தொடர் என்றாலே முகம் சுளிக்கும் கற்றோர் கூட்டம் ஒன்று உண்டு. ‘அழுகைத் தொடர்’, ‘மாமியார் மருமகள் சண்டை’, ‘பெண்களுக்கு வேறு வேலை இல்லை’ என்பன அவர்களது வாய்பாடுகள். இவ்வாறு பேசுவோரில் பலர், கதாநாயகன் இயந்திரத் துப்பாக்கியால் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தும் காட்சிக்கு அரங்கில் எழுந்து நின்று விசில் அடிக்கின்றனர். அதற்கு ‘மாஸ்’ என்று பெயரும் சூட்டுகின்றனர். பெண் அழுதால் மலிவு, ஆண் கொன்றால் கலை என்பது எந்த ஊர் நீதி?

நம் இலக்கண மரபு இத்தகைய ஏற்றத்தாழ்வை அறியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகின்றது. அவற்றுள் அழுகையும் ஒன்று, பெருமிதமும் ஒன்று. அழுகை பிறக்கும் களங்களாக அது சுட்டுபவை நான்கு: பிறரால் இகழப்படுதல், உரியவரை இழத்தல், முன்னிருந்த நிலை தளர்தல், வறுமையில் வாடுதல். நம் தெருக்களில் உள்ள எந்த வீட்டின் கண்ணீரையும் இந்நான்கனுள் ஒன்றில் அடக்கிவிடலாம். பகலெல்லாம் பீடி சுற்றியோ, வயலில் குனிந்தோ, அலுவலகம் சென்று திரும்பியோ களைத்த ஒரு பெண், தன் துயருக்கு ஒரு முகத்தைத் தேடித்தான் திரையின் முன் அமர்கின்றாள். பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, தனித்திருக்கும் முதியவருக்கு அந்த நேரத்தில் வீட்டில் கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றே. அவர்களை ஏளனம் செய்வது எளிது. அவர்களுக்கு என்ன ஊட்டப்படுகிறது என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம்.

தொடராக வருவது குற்றமன்று

கதை தொடராக வருவதில் தவறில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் வார இதழில் தொடங்கி, 1954 மே மாதம் வரை வெளிவந்தது. மூன்றரை ஆண்டுக் காலம் தமிழுலகம் அதற்காகக் காத்திருந்தது. இன்னும் நீட்டியிருந்தாலும் வாசகர் படித்திருப்பர். ஆனால் கல்கி கதையை முடித்தார். கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர்கள் கேட்க, முடிவுரை எழுதி அவர்களுக்கு விளக்கமும் தந்தார். எழுதியவன் படித்தவனுக்குக் கடமைப்பட்டவன் என்ற உணர்வு அதில் இருந்தது. அதே கதையை மணிரத்னம் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரையில் சொல்லி முடித்தார்.

தொலைக்காட்சியிலும் தொடக்கம் இவ்வாறே இருந்தது. 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடர், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வழியாகக் குடும்ப நலத்தையும் பெண்ணின் நிலையையும் பேசியது. நடிகர் அசோக் குமார் பகுதியின் இறுதியில் தோன்றிப் பார்வையாளரோடு உரையாடுவார். 150க்கும் மேற்பட்ட பகுதிகளோடு 1985இல் அது நிறைவடைந்தது. தமிழிலும் கே. பாலசந்தரின் ‘ரயில் சினேகம்’, ‘கையளவு மனசு’ போன்றவை அளவோடு வந்து, சொல்ல வந்ததைச் சொல்லி விடைபெற்றன.

பின்னர் நாள்தோறும் வரும் தொடர்களின் காலம் பிறந்தது. ‘சித்தி’ 1999 இறுதியில் தொடங்கி 2001இல் முடிந்தது. ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை 800க்கும் மேற்பட்ட பகுதிகள். ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள். ‘சந்திரலேகா’ 2014 முதல் 2022 வரை 2,300க்கும் மேற்பட்ட பகுதிகள். ‘சந்திரலேகா’ தொடங்கிய நாளில் பிறந்த குழந்தை, அது முடிந்தபோது மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும். விளம்பரம் நீக்கிப் பகுதிக்கு இருபது நிமிடம் என்று கொண்டாலும் 760 மணி நேரத்துக்கு மேல் ஆகின்றது. அத்தனை மணி நேரம் நம் காலத்தை வாங்கிக்கொண்டவர்கள் அதற்கு ஈடாகத் தந்தது என்ன?

பழைய தொடர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கவலையை ‘மெட்டி ஒலி’ பேசியபோது, அந்தக் கவலை பல வீடுகளில் உண்மையாகவே இருந்தது. மணமுறிவு பெற்ற ஒரு பெண் தொழில் நடத்தித் தலைநிமிர்ந்து நிற்கலாம் என்று ‘கோலங்கள்’ காட்டியபோது, அதைக் கண்டு துணிவு பெற்றவர் சிலராவது இருந்திருப்பர். ஆற்றல் இல்லாத வடிவம் என்றால் நாம் இவ்வளவு வருந்த மாட்டோம்.

நீட்சியின் விலை

‘பாரதி கண்ணம்மா’வை எடுத்துக்கொள்வோம். 2019இல் தொடங்கியபோது அது நிறத்தின் பெயரால் ஒரு பெண் படும் இழிவைப் பேசியது. தமிழ்ச் சமூகம் கேட்டே ஆக வேண்டிய கதை அது. ஆனால் என்ன ஆயிற்று? மனைவியின் கற்பைச் சந்தேகிக்கும் கணவன், அவள் பெற்ற குழந்தைகள் தன் குழந்தைகளா என்று அறிய மரபணுச் சோதனை செய்துகொள்ளாமலே ஆண்டுகளைக் கடத்தினான். சில வாரங்களில் முடிவு தெரியும் சோதனை. கதாநாயகனோ மருத்துவன்! நிறம் பற்றிய கேள்வி எங்கோ புதைந்தது. ‘இவள் தூயவளா?’ என்ற கேள்வி மட்டும் 2023 வரை நம் கூடங்களில் ஒலித்துக்கொண்டே இருந்தது. குற்றமற்ற ஒரு பெண்ணின் மேல் பழி எத்தனை நாள் நிற்கலாம் என்பதை அவளது நியாயம் முடிவு செய்யவில்லை. விளம்பர வருவாய் முடிவு செய்தது.

‘பாக்கியலட்சுமி’ 2020இல் வந்தபோதும் மகிழ்ந்தோம். நடுவயதைக் கடந்த, அதிகம் படிக்காத இல்லத்தரசி ஒருத்தி, தன் சமையல் திறத்தையே தொழிலாக்கிச் சொந்தக் காலில் நிற்கும் கதை. அவளை ஏய்த்து வேறொருத்தியை நாடிய கணவனிடமிருந்து அவள் விலகியபோது கதை தன் உச்சியைத் தொட்டுவிட்டது. அங்கே முடித்திருந்தால் அது தமிழ்த் தொலைக்காட்சியின் பெருமைகளுள் ஒன்றாய் நின்றிருக்கும். முடிக்கவில்லை. பிரிந்த கணவன் புதிய மனைவியோடு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தான். பெற்ற விடுதலை மீண்டும் அடுக்களைச் சண்டையாயிற்று. 2025 வரை அது ஓடியது.

‘எதிர்நீச்சல்’ 2022இல் தொடங்கியது. படிப்பும் திறமையும் இருந்தும் ஒரு வீட்டின் சமையலறைக்குள் அடைக்கப்பட்ட நான்கு மருமகள்கள்; அவர்களை அடக்கி ஆளும் ஆதி குணசேகரன். வில்லியாக ஒரு பெண்ணையே நிறுத்தும் வழக்கத்தை விட்டு, வீட்டு ஆணாதிக்கத்தையே எதிரியாக நிறுத்திய துணிவு அதில் இருந்தது. அவ்வேடத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் மறைந்தபோது, வீட்டு மனிதர் ஒருவரை இழந்தது போல் மக்கள் வருந்தினர். 2024இல் அத்தொடர் முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில் இரண்டாம் பாகம் தொடங்கியது. அதற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’. நம் குற்றச்சாட்டை அவர்களே தலைப்பாக்கிக்கொண்டனர்.

வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடைபெறும். இரவெல்லாம் மக்கள் விழித்திருந்து பார்ப்பர். இறுதியில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் வீழ்வான், திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். கூந்தல் முடிந்தது, கதையும் முடிந்தது என்ற நிறைவோடு ஊர் வீடு திரும்பும். இன்றைய தொடர் எழுதுவோர் கையில் பாஞ்சாலி அகப்பட்டிருந்தால் அவள் கூந்தல் இரண்டாயிரம் நாள் விரிந்தே கிடந்திருக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் சீப்பை எடுப்பாள், திங்கட்கிழமை யாரோ வந்து அதைப் பறித்திருப்பர்.

இது வெறும் கலைக்குறை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வாழ்க்கை அதில் சிக்கியிருப்பதால்தான் சினம் கொள்கிறோம். முடிவே இல்லாத கதையில் தீயவன் தண்டனை பெற இயலாது; பெற்றால் கதை நின்றுவிடும். நல்லவள் நிம்மதி அடைய இயலாது. அடைந்தாலும் கதை நின்றுவிடும். எனவே அவள் பொறுக்க வேண்டும், மேலும் பொறுக்க வேண்டும். இந்தப் பொறுமையைத் தெய்வத்தன்மை என்று பின்னணி இசையோடு நமக்குக் கற்பிக்கின்றனர். 1992இலேயே சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நம் தொடர்களின் நாயகியருள் எத்தனை பேருக்கு இச்சட்டத்தின் பெயர் தெரியும்? தொடர்களில் காவல் நிலையம் வருவதெல்லாம், பெரும்பாலும், நாயகி பொய்வழக்கில் கைதாவதற்கே. நாள்தோறும் அடிபடும் ஒரு பெண் இக்கதையைப் பார்த்துக் கற்பது என்ன? இன்றும் பொறு, நாளை பார்க்கலாம் என்பதுதான். கதைக்கு நாளை உண்டு. அவளுக்கு உண்டா?

குண்டு விழுந்தால் கதை முடிந்ததா?

திரைப்படம் இரண்டரை மணியில் முடிகின்றதே, அங்கே என்ன குறை என்று கேட்கலாம். படச்சுருள் முடிகின்றது என்பது உண்மை. ‘விக்ரம்’ (2022), ‘ஜெயிலர்’ (2023), ‘லியோ’ (2023), ‘கூலி’ (2025) என்று பெரு நடிகர்களின் படங்களைப் பாருங்கள். ஆட்களும் ஆயுதங்களும் மாறுகின்றன. விடை மட்டும் மாறுவதில்லை. எத்தகைய சிக்கலுக்கும் கொலையே முடிவு. அதிலும் ஒரு மிச்சத்தை வைத்து, அடுத்த பாகத்துக்குக் கதவைத் திறந்தே விடுகின்றனர். தொடர்களின் நோய் இங்கும் பற்றிக்கொண்டது.

மீண்டும் தொல்காப்பியத்துக்கே செல்வோம். பெருமிதம் பிறக்கும் களங்களும் நான்கு: கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. நம் நாயகர்களிடம் அஞ்சாமை மலைபோல் உண்டு. கல்வியால் பெருமிதம் கொண்ட நாயகனை, கொடுத்துச் சிவந்த கையுடைய நாயகனைக் கடைசியாக எப்போது கண்டோம்? கொலையைத் தொல்காப்பியம் வெகுளியின் களங்களுள் வைத்தது. அதைக் கண்டால் சினம் பிறக்க வேண்டும் என்று கருதியது. நாமோ அதைக் கண்டு கைதட்டப் பழகிவிட்டோம்.

தலை கொய்யப்படும் காட்சி கொண்ட ‘ஜெயிலர்’, பெற்றோர் துணையோடு சிறுவரும் காணலாம் என்னும் ‘யு/ஏ’ சான்றிதழோடு வந்தது. ‘கூலி’க்கு வயது வந்தோர்க்கான ‘ஏ’ சான்றிதழ் கிடைத்தபோது, அதை மாற்றித் தரக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வன்முறையைக் குறைத்துக் குழந்தைகளை அழைக்கலாம். வன்முறையையும் வைத்துக்கொண்டு குழந்தைகளின் நுழைவுச் சீட்டுக் காசும் வேண்டும் என்றால் அதை என்னவென்பது?

‘மக்கள் கேட்கிறார்கள்’ என்போர்க்கு

இவற்றைச் சொன்னால் உடனே வரும் மறுமொழி ஒன்று உண்டு: “மக்கள் விரும்புவதைத் தருகிறோம்.” மக்கள் விருப்பம் எவ்வாறு அளக்கப்படுகின்றது? நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில் பொருத்திய கருவிகள், எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று குறிக்கின்றன. அதைக் கொண்டு வாரந்தோறும் மதிப்பெண் இடப்படுகின்றது. பெட்டி ஓடியது என்று அக்கருவி சொல்லும். அதன் முன் அமர்ந்தவர் நெகிழ்ந்தாரா, நெளிந்தாரா, உறங்கிவிட்டாரா என்பதை அது அறியாது. வேறு எதுவும் பரிமாறாமல் ஒரே குழம்பை ஊற்றிவிட்டு, ‘இலையில் மிச்சமில்லை, இவருக்கு இதுதான் பிடிக்கும்’ என்பது விருந்தோம்பல் ஆகாது.

மாற்றுணவு வைத்தபோது மக்கள் உண்டனர். 2023இல் வந்த ‘அயலி’ எட்டே பகுதிகள். பருவமடைந்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி மணம் முடிக்கும் ஒரு சிற்றூரில், மருத்துவராக விரும்பும் சிறுமி, தான் பருவமடைந்ததையே மறைத்துப் படிக்கின்றாள். எட்டுப் பகுதிகளில் ஒரு சமூகத்தின் நூற்றாண்டுப் பொய் உடைகின்றது. சொல்லி முடித்ததும் கதை எழுந்து போய்விடுகின்றது. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, பொருளாதார நெருக்கடியால் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று சென்னைத் தெருவொன்றின் மனத்தை வென்ற கதை. பெரு நடிகரின் துப்பாக்கி இல்லை. ஓர் இளைஞரின் முதல் இயக்கம். மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

2024இல் வந்த ‘மெய்யழகன்’ இரண்டு ஆண்கள் ஓர் இரவெல்லாம் பேசுவதையும் அழுவதையும் காட்டியது. ஆணும் அழலாம் என்று சொல்ல நம் திரைக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. நீளம் என்று குறை எழுந்ததால், வெளிவந்த சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடக் காட்சிகளை அதிலிருந்து நீக்கினர். அன்பைப் பேசிய படத்தில் 18 நிமிடம் நமக்குப் பாரமாயிற்று. பழியைப் பேசும் தொடர்களில் 700 மணி நேரம் பாரமாகவில்லையா?

அதே ஆண்டின் ‘கொட்டுக்காளி’ முடிவு பற்றி ஒரு சொல். ‘பேய் பிடித்தவள்’ என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கின்றனர். அங்கே நடப்பதைக் கண்ட ஆண்மகன் இனி என்ன செய்வான் என்பதைச் சொல்லாமல் படம் நிற்கின்றது. “இதற்கும் முடிவில்லையே” என்று சிலர் குறைகூறினர். முடிவை நம் கையில் ஒப்படைப்பது ஒன்று. முடிவே தராமல் நம்மை ஏய்ப்பது வேறு. முன்னது நம்மை மதிக்கின்றது. “நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டுவிட்டு மௌனமாகின்றது. பின்னது அக்கேள்வி எழும் முன்னரே விளம்பரத்தை ஓட்டுகின்றது.

இன்னுமொரு வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. தொடர்களை நம்பி நடிகர், ஒளிப்பதிவாளர், ஒப்பனைக் கலைஞர், உணவு பரிமாறுவோர் எனப் பலர் பிழைக்கின்றனர். அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா? அடிக்க வேண்டாம். ஆறாண்டு ஓடும் ஒரு கதைக்கு மாற்றாக, ஆறு மாதம் ஓடும் பன்னிரண்டு கதைகளை எடுக்கட்டும். அதே கைகளுக்கு அதே வேலை இருக்கும். புதிதாக எழுதுவோர் பன்னிருவருக்கு வாயிலும் திறக்கும். இலத்தீன் அமெரிக்க நாடுகளின் தொடர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் முடிபவை. நம் இளையோர் விரும்பிப் பார்க்கும் கொரியத் தொடர்களில் பல 16 பகுதிகளில் நிறைவு பெறுகின்றன. அங்கெல்லாம் தொழில் அழிந்துவிடவில்லை.

நாம் கேட்பது

நாம் தடை கேட்கவில்லை, தணிக்கையும் கேட்கவில்லை. தொடர் தொடங்கும் நாளிலேயே, இக்கதை இத்தனை பகுதிகளில் நிறைவுறும் என்று அறிவியுங்கள். வில்லனோ வில்லியோ செய்த தீங்கு, ஆண்டுகள் கடந்தபின் அன்று, கண்ட சில வாரங்களிலேயே வெளிச்சத்துக்கு வரட்டும். துன்புறும் பெண்ணுக்குச் சட்டத்தின் கதவு எங்கே உள்ளது என்பதைக் கதைக்குள்ளேயே காட்டுங்கள். பெரு நடிகர்களை ஒருமுறையேனும் கற்றவராக, கொடுப்பவராக, மன்னிப்பவராகக் காண வழிசெய்யுங்கள்.

பார்ப்பவர்க்கும் பொறுப்பு உண்டு. தொடர்களைப் பற்றி முறையிட ஒளிபரப்பாளர்கள் 2011இலேயே ஒரு குறைதீர் அவையை அமைத்துள்ளனர். அலைவரிசைகள் அதன் முகவரியைத் திரையின் அடியில் ஓடவிடும்போது நாம் கை கழுவ எழுந்துவிடுகிறோம். இனி அமர்ந்து குறித்துக்கொள்வோம், எழுதுவோம். நல்ல தொடரும் நல்ல படமும் வரும்போது அவற்றைப் பத்துப் பேருக்குச் சொல்வோம். கதை செத்துவிட்டது என்று நம் உள்ளம் சொல்லும் நாளில், அது திரையில் ஓடிக்கொண்டிருந்தாலும், நம் கையிலுள்ள பொத்தானை நாமே அழுத்துவோம். எழுத மறந்தவர்களுக்காக ‘முற்றும்’ என்ற சொல்லை நாம் எழுதுவது அவ்வாறுதான்.